அடைக்கல மாதா கோயில் தொட்டி

அடைக்கல மாதா கோயில் வாசலில் தண்ணீர் குடிப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. டம்ளரில் வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக் கூடாது. கை ஏந்திக் குடிக்கவே கூடாது. தெரியாமல் யாராவது டம்ளரை உயரத் தூக்கினால் தண்ணீர் மொண்டு கொடுக்கிற மேரி விடமாட்டாள்.

“வாய வெச்சிக் குடிபா. இது வாய வெச்சிக் குடிக்கிற தண்ணி.”

“எச்சி ஆயிடுமேமா.”

“ஆவட்டும். கழுவத்தான் நான் நிக்கிறேனே.”

காஞ்சிபுரத்திலிருந்து தாமலுக்குப் போகும் சாலையை விட்டு ஏரிப்பக்கம் திரும்பினால் மேட்டுக் காலனி. அதன் முதல் கட்டடமே கோயில்தான். ஒரு காலத்தில் காலனிக்காரர்கள் ஊருக்குள் போய்த் தாகம் என்றால் ஊர்க்காரர்கள் பாத்திரம் தரமாட்டார்கள். குனிந்து கை ஏந்தி நிற்க வேண்டும். மேலிருந்து ஊற்றுவார்கள். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிப் போகும். அப்படிக் குடித்த மனிதர்கள் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டியபோது, அதன் வாசலுக்கு யார் வந்தாலும் நிமிர்ந்து நின்று, டம்ளரைக் கையில் பிடித்து, வாய் வைத்துக் குடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். பழிக்குப் பழி என்றால் வருகிறவர்களைக் கை ஏந்த வைத்திருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை.

தண்ணீர் இருக்கிற தொட்டி கல்லால் ஆனது. முழங்கால் உயரம், நான்கு ஆள் சேர்ந்தால்தான் அசையும். கோயிலைவிட அது பழையது. தாது வருஷப் பஞ்சத்தில் ஏரியைத் தூர் வாரினால் கூலியாகக் கஞ்சி என்றார்கள். காலனியே மண்வெட்டியோடு இறங்கியது. சேற்றுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த தொட்டியை அவர்கள்தான் தூக்கினார்கள். அன்றைக்கு அதை யாரும் தங்களுடையது என்று கேட்கவில்லை. கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சாமியாரின் கூரைக் கொட்டகை வாசலில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் அதில் தண்ணீர் நிறைத்து, கேட்டவர்களுக்கு அதிலிருந்தே ஞானஸ்நானம் கொடுத்தார். கொட்டகை சுவராக எழும்ப ஒன்பது வருஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கூடை செங்கல், ஒரு குடம் தண்ணீர் என்று சுமந்தார்கள். ஏரி நத்தை ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். தொட்டி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. சுவர் அதற்குப் பின்னால் எழுந்தது.

அதனால்தான் அது இன்றைக்கும் வாசலில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் அதில்தான், வழியில் போகிறவர்களுக்குக் கோடையில் குடிதண்ணீரும் அதில்தான். புதிதாக வந்த சாமியார்கள் சிலர் முகம் சுளித்தது உண்டு. “தண்ணியில ரெண்டு சாதி உண்டா சாமி?” என்று மேரியின் அப்பா கேட்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

மேரியின் அப்பா சின்னப்பையன் நாற்பது வருஷம் அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, விளக்கு ஏற்றுவது, பூசைக்கு எடுத்துவைப்பது, தொட்டிக்குத் தண்ணீர் நிறைப்பது எல்லாம் அவர் வேலை. அவருக்குப் பிறகு மேரி. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா அவளிடம் விட்டுப்போனது கோயில் சாவியும் ஒரு கட்டளையும். வைகாசித் திருவிழாவுக்கு வெள்ளை அடிக்கும்போது முதல் சுண்ணாம்பு தொட்டிக்குத்தான் அடிக்க வேண்டும். அதுவும் கெட்டியாக.

“சுண்ணாம்புக்கு அடியில எழுத்து இருக்குதும்மா,” என்று சாகிற வாரம்கூடச் சொன்னார். “எழுத்து வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா தொட்டி நம்மகிட்ட இருக்காது.”

எழுத்து என்றால் அவர்கள் அறிந்தது அவ்வளவுதான். கைநாட்டு வைக்கச் சொன்ன பத்திரம், கோர்ட்டிலிருந்து வந்த காகிதம், நிலத்தில் கால் வைக்காதே என்ற பலகை. எழுதப்பட்டது எதுவும் அவர்கள் பக்கம் பேசியதில்லை. கல்லில் வேறு வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஐந்து தலைமுறை அந்த எழுத்தின்மேல் சுண்ணாம்பைப் பூசிப் பூசி மூடியது.

இந்த வருஷம் பங்குனி வெயிலில் ஒரு மூலையில் சுண்ணாம்பு வெடித்து உதிர்ந்தது. திருவிழா வேலையோடு பார்த்துக்கொள்ளலாம் என்று மேரி விட்டுவைத்தாள். அதற்குள் அவள் மகள் ஷாரோன் ஒரு காரியம் செய்தாள்.

ஷாரோன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள், இப்போது பிரசவ லீவில் அம்மா வீட்டில் இருந்தாள். பிள்ளைக்கு நான்கு மாதம். ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு ஞானஸ்நானம் என்று குறித்தாகிவிட்டது. அவள் புருஷன் கமல் பட்டுத்தறி நெய்கிறவன், இந்து. தறிப் பாவில் மிஞ்சிய நூலைச் சேர்த்து மகனுக்கு ஒரு சாண் அகலத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டு நெய்து வைத்திருந்தான். ஷாரோன் அந்தத் துண்டைத் தொட்டியின் விளிம்பில் போட்டுப் படம் எடுத்து, அழைப்பிதழாக்கி, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினாள். துண்டுக்குக் கீழே, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், ஒரு சங்கு தெளிவாகத் தெரிந்தது.

படம் எங்கெங்கோ சுற்றி ஊர்ப் பெருமாள் கோயில் திருப்பணிக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை காலை முனுசாமி வந்தார். பழைய பஞ்சாயத்துத் தலைவர், அந்தக் குழுவிலும் ஒருவர். பின்னால் இரண்டு பேர்.

“இன்னா மேரி, எங்க பெருமாள் சொத்த வாசல்ல வெச்சிக்கினு நீ பாட்டுக்குத் தண்ணி வித்துக்கினு இருக்கிற?”

“விக்கல தலைவரே. சும்மாதான் குடுக்கிறேன். உங்களுக்கும் ஒரு டம்ளர் மொள்ளட்டா?”

“விளையாடாத. சங்கு இருக்குது பாரு. பக்கத்துல நல்லாச் சொரண்டினா சக்கரமும் இருக்கும். கும்பாபிஷேகம் வருது. தொட்டி எங்க கோயிலுக்கு வந்தாவணும்.”

“இத்தினி வருஷம் உங்க பெருமாள் தேடலியா?”

“பெருமாள் தூங்குவாரு, எழுந்துப்பாரு. அத நீ கேக்காத. எங்க சாமி தொட்டியில நீங்க கொயந்தைய முக்கி எடுப்பீங்க, நாங்க பாத்துக்கினு இருக்கணுமா?”

“முக்க மாட்டோம். தலையில மூணு வாட்டி ஊத்துவோம், அவ்ளோதான். ஞாயித்துக்கிழம வாங்க, காட்டறேன். பாயசம்கூட உண்டு.”

பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். முனுசாமி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

“நல்ல வார்த்தையில கேட்டேன். தாசில்தார்கிட்ட மனு குடுத்திருக்கிறேன். சனிக்கிழம ஆபீசருங்களோட வரேன். வண்டியும் வரும்.”

அவர்கள் போனதும் ஷாரோன் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள். “என்னாலதாம்மா எல்லாம்.”

“உன்னால இல்லடி. வெயிலால. மூக்கத் துட.”

அன்று மாலை பங்குத்தந்தை பிரேம்நாத் காஞ்சிபுரத்திலிருந்து பைக்கில் வந்தார். நல்ல மனிதர், சண்டை என்றால் ஒதுங்கிப்போகிறவர். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“கொடுத்துடலாம்மா மேரி. கல்லு போனா போகுது. சலவைக்கல்லுல புதுசா ஒண்ணு வாங்கலாம். ஜனங்க நிம்மதியா இருக்கணும் இல்லையா?”

“ஜனங்க நிம்மதியா இருக்கணும்னுதான் எங்க தாத்தன் பாட்டன் எல்லாம் குனிஞ்சிக்கினே இருந்தாங்க சாமி. நிம்மதி வந்துதா?”

“நான் அப்படிச் சொல்லலம்மா.”

“தெரியும் சாமி. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆனா எங்கப்பன் ஞானஸ்நானம் இதுலதான். நானு, என் பொண்ணு எல்லாம் இதுலதான். ஞாயித்துக்கிழம என் பேரனுக்கும் இதுலதான். அதுக்கப்புறம் கடவுள் எடுத்துக்கினு போறாரா, தாசில்தார் எடுத்துக்கினு போறாரா பாப்போம்.”

பிரேம்நாத் பைக் சாவியை எடுத்தார். போகும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. தாசில்தார் துர்காதேவி ஜீப்பில் வந்தார். முனுசாமி குட்டி யானை என்கிற ஒரு மினி லாரியில் ஆட்களோடு வந்தார். வண்டியில் கயிறும் வைக்கோலும் தயாராக இருந்தன. காலனி முழுக்கக் கோயில் முன்னால் கூடியிருந்தது. தாசில்தாரோடு வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருமண்ணுமாக ஒரு பெரியவர் இறங்கினார். கையில் ஒரு துணிப்பை, தண்ணீர் பாட்டில்.

“இவர் ஸௌந்தரராஜன் சார். சின்ன காஞ்சிபுரம். கல்வெட்டு படிக்கிறவர், ரிட்டயர் ஆனவர். நான்தான் கூப்பிட்டேன்,” என்றார் தாசில்தார்.

“போச்சு. அவரு அவங்க ஆளும்மா,” என்று ஷாரோன் காதில் சொன்னாள்.

தாசில்தார் இரண்டு பக்கமும் கேட்டார். முனுசாமி சங்கைக் காட்டினார். காலனிக்காரர்கள் ஏரியில் எடுத்த கதையைச் சொன்னார்கள். தாசில்தார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“கதையை வச்சு நான் எழுத முடியாது. தொட்டியில எழுத்து இருக்குன்னு சொல்றாங்க. சுண்ணாம்பை எடுத்துப் படிச்சுப் பார்ப்போம். கோயில் சொத்துன்னு இருந்தா அங்கே போகட்டும். அப்படி இல்லேன்னா இங்கேயே இருக்கட்டும்.”

“படிக்க விடாத மேரி!” என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கத்தினார். “உங்கப்பன் சொன்னது மறந்துபோச்சா?”

“படிக்க வேண்டாம்னா?” என்று மேரி தாசில்தாரைக் கேட்டாள்.

“அப்போ தகராறு தீர்ற வரைக்கும் தாலுகா ஆபீஸ்ல வைக்கணும். வேற வழி இல்லம்மா.”

தாலுகா ஆபீசுக்குப் போன பொருள் திரும்புவதை அந்தக் காலனியில் யாரும் பார்த்ததில்லை. மேரி தொட்டியைப் பார்த்தாள். மேலே அவள் கை அடித்த சுண்ணாம்பு, அடியில் அப்பாவின் கை. அதற்கு அடியில் அவருடைய அப்பாவின் கை. எல்லாக் கையும் ஒரே பயத்தில் அடித்தது. படித்தால் போய்விடலாம். படிக்காவிட்டால் நிச்சயம் போய்விடும். ஆனால் அவளை உறுத்தியது அது மட்டும் அல்ல. வருகிறவனை எல்லாம் நிமிர்ந்து குடி என்று சொல்லிவிட்டு, தொட்டியை மட்டும் முகத்தை மூடி நிற்க வைத்திருக்கிறோமே என்று இருந்தது.

“படிங்க,” என்றாள். “ஆனா சுண்ணாம்ப நான்தான் எடுப்பேன். வேற யாரும் கை வெக்கக் கூடாது.”

“அம்மா, தாத்தா…” என்று ஷாரோன் இழுத்தாள்.

“தாத்தா பயந்தாருடி. பயந்துக்கினே காப்பாத்தினாரு. நானும் பயந்துக்கினுதான் இருக்கிறேன். இரு.”

இரும்பு வேண்டாம், கல் கீறும் என்று ஸௌந்தரராஜன் சொன்னார். மேரி ஈரச் சாக்கைப் போர்த்தி ஊறவைத்து, மூங்கில் பட்டையால் சுரண்டினாள். சுண்ணாம்பு ஏடு ஏடாகப் பெயர்ந்தது. வெள்ளை, அதற்கடியில் நீலம் கலந்த வெள்ளை, அதற்கும் அடியில் மஞ்சள். கோயிலின் நூற்றாண்டு விழாவுக்கு அடித்த மஞ்சள் அது. அப்பாவோடு அவளும் ஒரு சின்ன சுண்ணாம்பு மட்டையை வைத்துக்கொண்டு அடித்தது. ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு அதையும் சுரண்டினாள்.

சங்குக்குப் பக்கத்தில் சக்கரம் வந்தது. “சொன்னேன் இல்ல?” என்றார் முனுசாமி. ஊர்க்காரர்கள் பக்கம் சலசலப்பு. மேரி நிமிரவில்லை. சக்கரத்துக்குக் கீழே வரி வரியாக எழுத்து வந்தது.

ஸௌந்தரராஜன் தரையில் உட்கார்ந்தார். எழுத்தில் சுண்ணாம்புப் பொடி அப்பியிருந்தது. துணிப்பையிலிருந்து பிரஷை எடுத்து, தன் பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். பாட்டில் காலியாகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

மேரி அவர் எதிரில் குந்தினாள். “ஐயா, ஒண்ணு கேக்கணும். நீங்க பெருமாள் கோயில் ஆளு. கல்லுல இருக்கறத அப்பிடியே சொல்லுவீங்களா?”

காலையிலேயே வந்து பக்கத்தில் நின்றிருந்த பிரேம்நாத் சங்கடத்தோடு இருமினார். ஸௌந்தரராஜன் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“கல்வெட்டுல ஒரு எழுத்த மாத்திப் படிச்சா அந்தப் பெருமாளே என்னை மன்னிக்க மாட்டார்மா. இருக்கறத இருக்கறபடி படிக்கறேன். உங்களுக்குச் சாதகமா இல்லேன்னாலும் படிப்பேன், அதுக்கும் தயாரா இருங்கோ.”

“அது போதும்.”

அவர் விரலால் தடவித் தடவி, முதலில் தனக்குள் படித்தார். வெகு நேரம் எடுத்தது. கூட்டத்தில் யாரோ பிள்ளையை அதட்டினார்கள். தூரத்தில் பஸ் போகும் சத்தம் கேட்டது. பிறகு அவர் உரக்கப் படித்தார்.

“ஸ்வஸ்திஸ்ரீ. கச்சிப்பேட்டு வாணியன் மணவாட்டி நங்கையேன், வழியிலே மரித்த என் மகன் பொன்னனைச் சாத்தி இட்ட தண்ணீர்த் தொட்டி. பெருமாளைச் சேவிக்கப் போவாரும், மற்றும் வழி போவாரும், இன்னார் என்னாதே தண்ணீர் உண்ணக் கடவர். இத்தன்மம் காத்தார் ஸ்ரீபாதம் என் தலைமேலது.”

“புரியற மாதிரி சொல்லுங்க சார்,” என்றார் தாசில்தார்.

“எழுநூறு, எண்ணூறு வருஷம் இருக்கும். காஞ்சிபுரத்துல எண்ணெய் வாணிகம் பண்ணவர் வீட்டு அம்மா. பேர் நங்கை. பிள்ளை பொன்னன் பிரயாணத்துல வழியிலே செத்துப்போயிருக்கான். தாகத்துலதானான்னு கல்லுல இல்லை, நானா சேர்த்துச் சொல்லப்படாது. அவன் நினைப்பா இந்தத் தொட்டிய வழியில வெச்சிருக்கா. கோயிலுக்குப் போறவா, சும்மா வழியில போறவா, யாரானாலும், ‘நீ யாரு’ன்னு கேக்காம தண்ணி குடுக்கணும்.” அவர் நிறுத்தினார். “கடைசி வரி எல்லாக் கல்வெட்டுலயும் வர்ற வரிதான். அடியேன் ஆயிரம் தடவை படிச்சிருப்பேன். இந்தத் தர்மத்தை யார் காப்பாத்தறாளோ, அவா பாதம் என் தலைமேல இருக்கட்டும்னு அர்த்தம்.”

அதைச் சொல்லும்போது அவர் பார்வை தற்செயலாக மேரியின் காலில் விழுந்தது. செருப்பில்லாத கால். சுண்ணாம்புச் சேறு அப்பியிருந்தது. கடைசி வரியை அவர் இன்னொரு முறை, இம்முறை மெதுவாக, படித்தார்.

காலனிக்காரர்கள் யாரும் கைதட்டவில்லை. புரிய நேரம் பிடித்தது. கூட்டத்தில் கத்திய கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அடப் பாவிங்களா, இத்தையா மூடி வெச்சோம்?” என்றார். “அந்தம்மா குடுக்கச் சொன்னதத்தான் நாம குடுத்துக்கினு இருந்தோம். அத்த வேற மறைச்சி வெச்சிக்கினு.”

அப்போதுதான் ஸௌந்தரராஜனுக்குத் தொண்டை காய்ந்திருப்பது தெரிந்தது. பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். “எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்குமா?” என்றார். மேரி மொண்டு கொடுத்தாள். சட்டத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெரியவர், ஆசாரமானவர். அவர் ஒரு கணம் டம்ளரைப் பார்த்தார். நெற்றியில் திருமண்ணோடு, அத்தனை பேர் முன்னால், வாய் வைத்துக் குடித்தார்.

முனுசாமி விடவில்லை. “ஐயா படிச்சது எல்லாம் சரி. சங்கு இருக்குது, சக்கரம் இருக்குது, பெருமாள் பேரும் இருக்குது. வெச்சது எங்க சாமிய கும்பிட்ட பொம்பள. அப்ப எங்க கோயிலுக்குத்தானே வரணும்?”

தாசில்தார் யோசித்தார். அந்தப் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஷாரோன் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

மேரி எழுந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“எடுத்துக்கினு போங்க தலைவரே,” என்றாள்.

“அம்மா!”

“நீ சும்மா இரு ஷாரோன். எடுத்துக்கினு போங்க. நாலு ஆளு வேணும், எங்க பசங்களே தூக்கி வண்டியில வெப்பாங்க. ஆனா கல்லுல எழுதினது தொட்டிக்கு மட்டும் இல்ல, அத வெச்சிக்கினு இருக்கறவங்களுக்கும்தான். தெனமும் காலையில ரொப்பணும். உங்க கோயில் வாசல்ல நான் வந்து நிப்பேன். இந்தக் கிழவரு வருவாரு. என் மாப்பிள்ள வருவாரு. ‘நீ யாரு’ன்னு கேக்காம, நீங்க குடிக்கிற அதே டம்ளர்ல எங்களுக்கும் மொண்டு குடுக்கணும். நாங்க வாய வெச்சிக் குடிப்போம். அப்புறம் நீங்க அத கழுவி அடுத்த ஆளுக்குக் குடுக்கணும். கஷ்டம் ஒண்ணும் இல்ல. ஒத்தப் பொம்பள நான் செய்யறேன். செய்வோம்னு அந்தப் பெருமாள் மேல ஆணையா எல்லார் எதிர்லயும் சொல்லுங்க. இப்பவே தூக்கிடலாம்.”

 முனுசாமி பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவன் வைக்கோலைப் பார்த்தான். இன்னொருவன் வானத்தைப் பார்த்தான். செய்யமாட்டோம் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. செய்வோம் என்று சொல்லப் பயமாக இருந்தது. பெருமாள் மேல் பொய்ச் சத்தியம் செய்கிற அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. அந்த மட்டில் அவரும் பக்திமான்தான்.

“சொல்லுங்க முனுசாமி,” என்றார் தாசில்தார்.

“கமிட்டியில கேக்கணும்மா.”

“கேளுங்க. கேட்டு எழுத்துல குடுங்க.” தாசில்தார் கோப்பைப் பிரித்து, நின்றபடியே எழுதினார். எழுதியதைக் கூட்டத்துக்குப் படித்தும் காட்டினார். “தொட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. கல்வெட்டில் உள்ளபடி வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டு வருகிறது. நேரில் பார்த்தேன். இது குறித்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் அனுப்பப்படும்.” நிமிர்ந்து மேரியிடம் சொன்னார், “துறையில இருந்து படி எடுக்க வருவாங்க. எடுத்துட்டுப் போக விடாதீங்க. இந்தத் தாளோட நகல் தரேன்.”

ஒரு சர்க்கார் காகிதம் முதல்முறையாக அந்தக் காலனி பக்கம் பேசியது. அதைக் கேட்டு ஒரு கிழவி மாரில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜீப் போனது. குட்டி யானை மட்டும் புறப்படவில்லை. டிரைவர் இறங்கி வந்து, “அக்கா, ஒரு டம்ளர்,” என்றான். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். முனுசாமி வண்டியில் முன் ஸீட்டில் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வெயிலில் நின்ற முகம். உதடு வெளுத்திருந்தது.

மேரி ஒரு டம்ளர் மொண்டுகொண்டு வண்டிக்குப் போனாள்.

“எடுத்துக்கினு போறேன்னு போட்டு வெச்சிருந்த கயித்த எங்களுக்குக் குடுத்துட்டுப் போங்க, கெணத்துக்கு ஆவும்,” என்றாள். முனுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். அவள் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கினார். பழக்கத்தில் கழுத்தைப் பின்னால் சாய்த்து, டம்ளரை உயரத் தூக்கினார்.

“தலைவரே.”

“இன்னா?”

“வாய வெச்சிக் குடிங்க. இங்க வழக்கம் அப்பிடி.”

அவர் கை அந்தரத்தில் நின்றது. டிரைவர் வேறு பக்கம் பார்த்தான். கோயில் முன்னால் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அறுபது வருஷத்தில் அந்தக் காலனியில் அவர் ஒரு பொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை.

“நீ ரொம்பப் பேசற மேரி,” என்றார்.

“ஆமாம். குடிங்க, சூடாவுது.”

அவர் டம்ளரை இறக்கினார். வாய் வைத்தார். முழுக்கக் குடித்தார். திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி புறப்பட்ட பிறகு கயிற்றுச் சுருள் ஒன்று புழுதியில் வந்து விழுந்தது. யார் எறிந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஷாரோனின் மகனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பொன்னன் என்று பெயர் வைக்கலாமா என்று கமல் கேட்டான். ஷாரோன் ஏற்கெனவே ஒரு பெயரை வைத்திருந்தாள், அதனால் வீட்டில் கூப்பிடும் பெயராக அது ஒட்டிக்கொண்டது. பிரேம்நாத் தொட்டியிலிருந்து மூன்று முறை தண்ணீர் எடுத்து ஊற்றினார். பிள்ளை கோயில் அதிரக் கத்தினான். “கத்தட்டும் சாமி, நம்ம குரல் இதுவரைக்கும் சின்னதா இருந்துது,” என்றாள் மேரி. வெள்ளைப் பட்டுத் துண்டால் அவன் தலையைத் துடைத்தாள்.

அடுத்த வாரம் திருவிழாவுக்கு வெள்ளை அடித்தார்கள். மேரி சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையை நனைத்து, வழக்கப்படி முதலில் தொட்டியிடம்தான் வந்தாள். குனிந்து, எழுத்து வரிகளுக்கு நடுவே படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனாள்.